ஐன்ஸ்டீன் ஆசிரியராகப் படித்த இடம்

ஐன்ஸ்டீன் கணக்கில் தோற்றவர் என்று சொல்லி மாணவரைத் தேற்றாத ஆசிரியர் நம்மில் குறைவு. காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பல வகுப்பறைகளில் இந்தக் கதை கேட்கும். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கதை உண்மையல்ல. உண்மையில் நடந்தது இதைவிடச் சுவையானது, ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. அதைச் சொல்ல வேண்டுமானால் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஒரு குன்றின் மேல் நிற்கும் கல்விக்கூடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அதன் இன்றைய பெயரைச் சுருக்கமாக இ.டி.எச். என்கிறார்கள். சுவிஸ் கூட்டமைப்பின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் என்பது அந்த ஜெர்மன் பெயரின் பொருள். ஐன்ஸ்டீன் காலத்தில் அதன் பெயர் பாலிடெக்னிக். ஜூரிச் மக்கள் இன்றும் செல்லமாகப் 'போலி' என்றுதான் அழைக்கிறார்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்துச் சேரும் பட்டயப் படிப்பு பாலிடெக்னிக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தொடக்கம் முதலே பள்ளி இறுதிக்கு மேற்பட்ட கல்வி.

1895 அக்டோபரில் இங்கு நுழைவுத் தேர்வு எழுதியபோது ஐன்ஸ்டீனுக்கு வயது பதினாறரை. சேர்க்கைக்கான குறைந்தபட்ச வயது 18. மூனிச் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு இத்தாலியில் இருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்திருந்த பையனுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்து எழுத விட்டார்கள். கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகவே எழுதினார். பொதுப் பாடங்களில்தான் சறுக்கினார். அப்போதைய இயக்குநர் ஆல்பின் ஹெர்சோக் பையனைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. அருகில் உள்ள ஆராவ் நகரின் மாநிலப் பள்ளியில் ஓராண்டு படித்து இறுதிச் சான்றிதழோடு வரும்படி ஆலோசனை சொன்னார்.

அந்த ஆராவ் பள்ளி பெஸ்டலோசியின் கருத்துகள் வேரூன்றிய மண்ணில் இருந்த பள்ளி. பி.எட். படிப்பில் பெஸ்டலோசியை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்திருப்போம். அவர் ஜூரிச்சில் பிறந்தவர். மனப்பாடத்துக்கு முன் நேரடிக் காட்சி, சொல்லுக்கு முன் பொருள் என்று வலியுறுத்தியவர். படைப் பயிற்சிபோல் நடந்த மூனிச் வகுப்புகளில் மூச்சுத் திணறிய பையன், தானாகச் சிந்திக்க இடம் கொடுத்த ஆராவ் பள்ளியில் மலர்ந்தான். ஒளிக்கதிரின் பின்னால் அதே வேகத்தில் ஓடினால் என்ன தெரியும் என்ற கேள்வி தனக்குப் பதினாறு வயதில் தோன்றியதாக ஐன்ஸ்டீன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளியை அவர் கடைசிவரை நன்றியோடு நினைத்தார்.

1896-இல் அங்கே அவர் பெற்ற இறுதிச் சான்றிதழில் இயற்கணிதம் 6, வடிவியல் 6, இயற்பியல் 6, வரலாறு 6. பிரெஞ்சு மொழிதான் 3. இந்த மதிப்பெண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பமே. சுவிட்சர்லாந்தில் 6 என்பது உச்சம், 4 தேர்ச்சி, 1 அடிமட்டம். ஜெர்மனியில் தலைகீழ், அங்கே 1 என்பதுதான் முதன்மை. ஜெர்மன் கண்ணோடு அந்தச் சான்றிதழைப் பார்ப்பவருக்குக் கணக்கில் மிக மோசமான மாணவன் தெரிவான். சுவிஸ் கண்ணோடு பார்த்தால் வகுப்பின் முதல் மாணவன்.

அந்தச் சான்றிதழோடு பாலிடெக்னிக்கில் அவர் சேர்ந்த பிரிவு எது என்பதைத்தான் நம் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் சொல்வதில்லை. அது கணிதம், இயற்பியல் பாடங்களுக்கான சிறப்பாசிரியர்களை உருவாக்கும் பிரிவு. அதாவது ஐன்ஸ்டீன் அங்கே படித்தது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கு. நான்காண்டுப் படிப்பு முடிந்து 1900-இல் 6-க்கு 4.91 சராசரியோடு தேர்ச்சி பெற்று, ஆசிரியர் தகுதியோடு வெளியே வந்தார். அதன்பிறகு வேலை தேடி அலைந்ததும், வின்டர்தூர் நகரில் சில மாதம் பதிலி ஆசிரியராக வேலை செய்ததும், ஷாஃப்ஹவுசனில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்ததும் நம்மில் பலர் கடந்து வந்த பாதைதான். 1902-இல்தான் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகம் அவருக்குக் கதவு திறந்தது.

உள்நாட்டுப் போரும் ஒரு கல்விக்கூடமும்

இந்தப் பாலிடெக்னிக் எப்படி வந்தது? 1847 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. கத்தோலிக்கப் பழமைவாத மாநிலங்கள் ஒருபுறம், தாராளவாத மாநிலங்கள் மறுபுறம். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்ட போர். ஐரோப்பியப் போர்களோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் அதன் விளைவு பெரிது. அடுத்த ஆண்டே, தளர்வாகக் கட்டப்பட்டிருந்த மாநிலங்களின் கூட்டு ஓர் அரசியலமைப்புச் சட்டத்தின்கீழ் ஒரே நாடாயிற்று. பல்கலைக்கழகமும் பாலிடெக்னிக்கும் நிறுவும் உரிமை மைய அரசுக்கு உண்டு என்று 1848-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதினார்கள்.

அந்தக் கனவைச் சுமந்தவர்களில் ஒருவர் ஸ்டெஃபானோ ஃபிரான்சினி. இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர், நாட்டின் முதல் ஏழு அமைச்சர்களில் ஒருவரானவர். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் படித்தால்தான் நேற்றுவரை சண்டையிட்ட நாடு ஒட்டும் என்பது அவரைப் போன்றோரின் நம்பிக்கை. ஆனால் 1854-இல் நாடாளுமன்றத்தில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. பல்கலைக்கழகம் என்றால் எந்த மதத்தின் இறையியலைக் கற்பிப்பது? பிரெஞ்சு பேசும் பகுதியினருக்கு ஜெர்மன் மொழி விழுங்கிவிடுமோ என்ற அச்சம். தத்தம் பல்கலைக்கழகம் வைத்திருந்த மாநிலங்களுக்குப் போட்டி வந்துவிடுமோ என்ற கவலை. இறுதியில் பல்கலைக்கழகம் வீழ்ந்தது, பாலிடெக்னிக் தப்பியது. பாலத்தின் பாரத்தைக் கணக்கிடுவதில் கத்தோலிக்கக் கணக்கு, சீர்திருத்தக் கணக்கு என்று இரண்டு கிடையாதல்லவா!

தேவையும் கழுத்தை நெரித்தது. ரயில் பாதை போடும் காலம் அது. மலையைக் குடையவும் பள்ளத்தாக்கைக் கடக்கவும் பொறியாளர்கள் வேண்டும். அவர்களோ பாரிசுக்கும் கார்ல்ஸ்ரூவுக்கும் போய்ப் படித்து வர வேண்டியிருந்தது. ஜூரிச்சின் செல்வாக்கு மிக்க அரசியல்வாதியும் ரயில் தொழிலதிபருமான ஆல்ஃபிரட் எஷர் இதற்காக முனைந்து நின்றார். தலைநகர் என்ற பெருமையைப் பெர்ன் தட்டிச் சென்றிருந்ததால், கல்விக்கூடமாவது ஜூரிச்சுக்கு வரட்டும் என்ற சமரசமும் சேர்ந்துகொண்டது. 1854 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. 1855 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. முன்மாதிரிகள் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற பாலிடெக்னிக்கும் கார்ல்ஸ்ரூவும்.

கட்டடக் கலை, கட்டுமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல், வேதியியல், வனவியல் என ஐந்து பிரிவுகள். ஆறாவதாகக் கணிதம், இயற்கை அறிவியல், இலக்கியம், சமூக அறிவியல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரிவு. தோற்றுப்போன பல்கலைக்கழகக் கனவு இந்த ஆறாவது அறைக்குள் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. மறுமலர்ச்சிக் கால வரலாற்றை எழுதிப் பெரும்புகழ் பெற்ற யாக்கோப் பர்க்ஹார்ட் முதல் ஆண்டிலேயே இங்குக் கலை வரலாறு கற்பித்தார். இத்தாலிய இலக்கியத்துக்கு, தாயகத்தில் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்ட ஃபிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ் பேராசிரியர். முக்கியக் கட்டடத்தை வரைந்தவரும் ஓர் அகதிதான். 1849-இல் டிரெஸ்டன் நகர எழுச்சியில் பங்கேற்றுத் தப்பி ஓடிய கோட்ஃபிரீட் செம்பர், இங்கு முதல் கட்டடக் கலைப் பேராசிரியரானார். அவர் எழுப்பிய கட்டடம் இன்றும் அதே குன்றின்மேல் நிற்கிறது. பொறியியல் மாணவர் இலக்கியம், தத்துவம், வரலாறு போன்றவற்றிலிருந்தும் சில பாடங்களைப் படித்தே ஆக வேண்டும் என்ற நியதி இன்றும் அங்கு உண்டு.

கோடு போட்டுக் கணக்குப் போட்டவர்

முதல் தலைமுறைப் பேராசிரியர்களில் இயற்பியல் பாடம் எடுக்கும் எனக்கு மிகவும் பிடித்தவர் கார்ல் குல்மன். பாலங்களைப் பார்ப்பதற்காகவே 1849 முதல் 1851 வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சுற்றி வந்தவர். மரத்திலும் இரும்பிலும் சட்டங்களை முக்கோணங்களாகப் பின்னிக் கட்டியிருந்த பாலங்கள் அவரை ஈர்த்தன. ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு இழுவிசை, எவ்வளவு அமுக்கவிசை என்று கண்டறியச் சமன்பாடுகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்த காலம். கணிப்பான் கிடையாது. குல்மன் சொன்ன வழி, விசையை வரைந்துவிடுவது. விசையின் அளவுக்கேற்ற நீளத்தில், அதன் திசையிலேயே ஒரு கோடு. அந்தக் கோட்டின் நுனியிலிருந்து அடுத்த விசை. எல்லாம் சமநிலையில் இருந்தால் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து, பலகோணம் மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால், மிச்சமிருக்கும் இடைவெளிதான் நமக்குத் தெரியாத விசை. அளவுகோலை வைத்து அளந்துகொள்ள வேண்டியதுதான்.

1866-இல் இதை ஒரு முழு நூலாகவே வெளியிட்டார். விசைகளின் முக்கோண விதி நம் வகுப்புகளிலும் வருகிறது. பெரும்பாலும் ஒரு படத்தோடு நின்றுவிடுகிறது. குல்மன் அதையே ஒரு தொழிற்கருவியாக்கினார். இந்த முறையின் அழகு, விடை கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது. எந்த உறுப்பு அதிகம் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்று படத்தைப் பார்த்தவுடன் பொறியாளர் உணர முடியும். பிழை இருந்தால் பலகோணம் மூடாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

குல்மனிடம் படித்து 1877-இல் வெளியேறியவர்களில் மொரீஸ் கெக்லான் ஒருவர். ஈஃபில் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர், 1884-இல் சக பொறியாளர் எமில் நூகியேவோடு சேர்ந்து 300 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றின் முதல் வரைவைப் போட்டார். நாம் ஈஃபில் கோபுரம் என்று அழைப்பது அதன் வளர்ந்த வடிவம்தான். காற்றின் விசையை உயரத்துக்கு உயரம் கணக்கிட்டால் கோபுரத்தின் கால்கள் எப்படி வளைய வேண்டும் என்பது கோடுகளிலேயே கிடைத்துவிடும். அந்த வளைவு அழகுக்காக வந்ததல்ல. குல்மனுக்குப் பின் வந்த வில்ஹெல்ம் ரிட்டரும் இதே மரபில் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ராபர்ட் மைலார்ட் ஆல்ப்ஸ் மலையின் சால்கினாடோபெல் பள்ளத்தாக்குக்கு மேல் 1930-இல் மெல்லிய கான்கிரீட் வில்பாலம் கட்டினார். ஓத்மார் அம்மன் 1931-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் தொங்கு பாலத்தைத் திறந்து வைக்கக் காரணமானார். ஒரே கரும்பலகையின் வாரிசுகள்.

பள்ளிக்கூடமாக இருந்த உயர்கல்வி

ஆனால் எல்லாம் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. அரை நூற்றாண்டுக்கு மேல் பாலிடெக்னிக் ஒரு பெரிய பள்ளிக்கூடம்போலத்தான் நடந்தது. நிர்ணயித்த கால அட்டவணை, கட்டாய வகுப்புகள், ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு மாற்றம், வராதவர்களுக்குக் கண்டிப்பு. 1899 மார்ச்சில் இயற்பியல் ஆய்வகப் பாடத்தில் அக்கறை காட்டவில்லை என்று ஐன்ஸ்டீனுக்கே இயக்குநரிடமிருந்து எழுத்துப்பூர்வ எச்சரிக்கை வந்தது. அந்த ஆய்வகப் பேராசிரியர் ழான் பெர்னே அவருக்குக் கொடுத்த மதிப்பெண் 1. கணித வகுப்புகளுக்கும் அவர் சரியாகப் போகவில்லை. நண்பர் மார்செல் கிராஸ்மன் அழகாக எழுதி வைத்த குறிப்பேடுகளைக் கொண்டுதான் தேர்வுகளைக் கடந்தார். அதே கிராஸ்மன் பின்னாளில் அங்கேயே வடிவியல் பேராசிரியரானார். 1912-இல் ஐன்ஸ்டீனும் பேராசிரியராகத் திரும்பி வந்தபோது, பொதுச் சார்பியலுக்குத் தேவையான கணிதத்தைத் தேடிக் கொடுத்தவரும் அவரே. நல்ல குறிப்பேடு எழுதும் மாணவரை நாம் சற்றுக் குறைவாகவே மதிப்பிடுகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இன்னொரு குறை, பாலிடெக்னிக்குக்கு முனைவர் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. எக்ஸ் கதிரைக் கண்டறிந்து 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு பெற்ற ரான்ட்ஜென் இங்கு இயந்திரப் பொறியியல் படித்து 1868-இல் பட்டயம் வாங்கினார். ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரம் வரைந்த விவகாரத்தில், வரைந்தவரைக் காட்டிக் கொடுக்க மறுத்ததால் நெதர்லாந்துப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, இறுதிச் சான்றிதழே இல்லாமல் வந்தவர் அவர். அவருக்குக் கதவு திறந்த பாலிடெக்னிக்கால் முனைவர் பட்டம் கொடுக்க முடியவில்லை. 1869-இல் அதை ஜூரிச் பல்கலைக்கழகத்தில்தான் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகமோ அப்போது செம்பர் கட்டிய அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் இயங்கியது. 1905-இல் ஐன்ஸ்டீனும் முனைவர் பட்டத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டியிருந்தது.

1908-இல் விதிமுறைகள் திருத்தப்பட்டன. மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கூடியது, முனைவர் பட்டம் வழங்கும் உரிமையும் வந்தது. 1911-இல் பாலிடெக்னிக் என்ற பெயர் போய் இன்றைய பெயர் நிலைத்தது.

இன்றைய வகுப்பறை

இப்போது அங்கு 16 துறைகள், 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். நகர மையத்திலிருந்து குன்றின் மேலேற 1889 முதல் ஓடும் ஒரு சிறிய சிவப்பு இழுவை ரயில் உண்டு. கயிற்றின் இரு முனைகளில் இரு பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஆரம்பத்தில் மேலே நிற்கும் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அந்த எடையாலேயே கீழிருப்பதை இழுத்தார்கள். கப்பி பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

விரிவுரைகள் மணியடித்த நேரத்தில் தொடங்குவதில்லை. எட்டு மணி வகுப்பு என்றால் எட்டேகாலுக்குத்தான் ஆரம்பம். நாற்பத்தைந்து நிமிடம் பாடம், பதினைந்து நிமிடம் இடைவேளை. கடிகாரம் அரிதாக இருந்த நூற்றாண்டுகளில் மணியோசை கேட்டு மாணவர்கள் வந்து சேரக் கொடுத்த கால்மணி நேரம், ஐரோப்பியப் பல்கலைக்கழக மரபாக இன்னும் வாழ்கிறது. பாடம் முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை. முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். நம் ஊரில் மேசையைத் தட்டினால் வேறு பொருள்!

விரிவுரை மட்டும் போதாது என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும். வாரந்தோறும் ஒரு பயிற்சித் தாள் வரும். அதிலுள்ள கணக்குகளை மாணவர்கள் போட்டுப் பார்த்துக் கொடுத்தால், சிறு குழுக்களாக நடக்கும் பயிற்சி வகுப்பில் திருத்தித் திருப்பித் தருவார்கள். இந்தச் சிறு வகுப்புகளை நடத்துபவர்களில் பலர் மேல் ஆண்டு மாணவர்களே. போன ஆண்டு தானே இடறிய இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரியும். நானூறு பேர் அமர்ந்த அரங்கில் கேட்கக் கூசும் கேள்வியை இருபது பேர் உள்ள அறையில் கேட்டுவிடலாம். தேர்வுகள் பெரும்பாலும் பருவம் முடிந்து சில வாரம் கழித்துத்தான். குளிர்காலத்தில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. இடைப்பட்ட நாள்கள் தானாகப் படித்துக்கொள்வதற்கு.

நம் பெற்றோரும் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் கேட்டால் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. சுவிஸ் மேல்நிலைப் பள்ளியின் இறுதிச் சான்றிதழ் இருந்தால், மருத்துவம் போன்ற ஓரிரு படிப்புகள் நீங்கலாக, நுழைவுத் தேர்வு இல்லாமலே இ.டி.எச்.-இல் சேரலாம். கணிதமோ கணினி அறிவியலோ இயந்திரப் பொறியியலோ, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். வடிகட்டல் உள்ளே போனபிறகு நடக்கிறது. முதலாண்டுப் பாடங்களுக்கான அடிப்படைத் தேர்வில் சராசரி 4 பெற வேண்டும். தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் அந்தப் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான். கணிசமான மாணவர்கள் இந்தக் கட்டத்தில் வெளியேறுகிறார்கள்.

இதைக் கேட்டதும் 'நுழைவுத் தேர்வே இல்லாத சொர்க்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவு இல்லாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் தொழிற்பயிற்சிப் பாதையில் போகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக வழிவிடும் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழைப் பெறுபவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. ஜூரிச் மாநிலத்தில் அந்த வகைப் பள்ளியில் சேர ஆறாம் வகுப்பிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் பாதையைப் பிரிப்பது சரிதானா, படித்த பெற்றோரின் பிள்ளைக்குத்தானே அது சாதகம் என்று அங்கேயே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. தொழிற்பயிற்சி முடித்தவர் கூடுதல் தேர்வொன்றை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள ஒரு பாலமும் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒரே நாளில் விதியை முடிவு செய்வதா, பன்னிரண்டில் ஒரு தேர்வும் பத்தொன்பதில் இன்னொன்றும் வைப்பதா? இரண்டாவது முறையில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கிறது: கல்லூரிப் பாடத்துக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை அந்தக் கல்லூரிப் பாடத்தைக் கற்பித்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

கட்டணமும் வியப்புக்குரியது. ஒரு பருவத்துக்கு 730 ஃபிராங்க். அந்நாட்டு விலைவாசிக்கு இது மிகக் குறைவு. 2025 இலையுதிர்ப் பருவம் முதல் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதை மூன்று மடங்காக்கிவிட்டார்கள். தங்குமிடமும் சாப்பாடும்தான் எப்போதும் பெரிய செலவு.

படிப்பு முழுக்கத் தாளிலேயே முடிவதில்லை. இயந்திரப் பொறியியல் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதி வரை உருவாக்கும் திட்டப் பணி எடுக்கலாம். மாணவர் பந்தயக் கார் சங்கம் ஒன்றும் இருக்கிறது. அந்த மாணவர்கள் செய்த சுமார் 140 கிலோ எடையுள்ள மின்சாரக் கார் 2023 செப்டம்பரில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 நொடியில் தொட்டு உலகச் சாதனை படைத்தது. அதற்கு அது எடுத்துக்கொண்ட தூரம் 12.3 மீட்டர். முடுக்கம் கணக்கிட்டுப் பார்க்க உங்கள் மாணவர்களிடம் கொடுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரும்.

கற்பிப்பதற்காகப் பிறந்த மொழி

1950-இல் இ.டி.எச். ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கணிதப் பேராசிரியர் எடுவார்ட் ஷ்டீஃபெல் முயற்சியில், ஜெர்மனியின் கொன்ராட் சூசே உருவாக்கிப் போரிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த இசட்-4 என்ற கணினியை வாடகைக்கு எடுத்து நிறுவினார்கள். மின்காந்த ரிலேக்களால் கடகடவென்று ஓசையோடு இயங்கும் இயந்திரம். ஐரோப்பியக் கண்டத்தில் அந்நாளில் கணினி வைத்து வேலை செய்த பல்கலைக்கழகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பழகியவர்களே அடுத்துச் சொந்தமாக எர்மெத் என்ற மின்னணுக் கணினியைக் கட்டினார்கள்.

அந்த மண்ணிலிருந்துதான் நிக்லௌஸ் விர்த் வந்தார். 1968 முதல் அங்குப் பேராசிரியர். 1970-இல் அவர் வெளியிட்ட பாஸ்கல் என்ற நிரல் மொழியை நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் சிலராவது கல்லூரியில் தொட்டிருப்போம். அப்போது புழக்கத்தில் இருந்த மொழிகள் மாணவருக்குக் குழப்பமான பழக்கங்களைக் கற்றுத் தருகின்றன, ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்கும் ஒரு மொழி வேண்டும் என்பதே அவரது நோக்கம். விற்பதற்காகவோ ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்காகவோ அல்ல, வகுப்பறைக்காக உருவான மொழி அது. ஒரு மாறி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். தொடக்கமும் முடிவும் சொல்லால் குறிக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கின் படிகளை வரிவரியாக எழுதச் சொல்கிறோமே, அதே ஒழுங்கு. 1984-இல் கணினி உலகின் உயரிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் தன் சொந்த நிறுவனத்தில் கணினி அறிவியல் தனித் துறையாவதற்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்வரிசையில் இருந்தவர்கள்

1871-இல் ரஷ்யாவிலிருந்து வந்த நதேஷ்டா ஸ்மெட்ஸ்காயா இயந்திரப் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். பாலிடெக்னிக்கின் முதல் மாணவி அவர்தான். ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. ரஷ்ய இளம்பெண்கள் கூட்டமாக ஜூரிச்சுக்கு வந்தார்கள். புரட்சிக் கருத்துகள் தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சிய ஜார் அரசு, 1873-இல் அவர்களைத் திரும்பி வரும்படி ஆணையே போட்டது. முதன்முதலில் பட்டயம் பெற்று வெளியேறிய பெண் மரீ கோவலிக், 1877-இல், அறிவியல் ஆசிரியர் படிப்பில். வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டினர் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் சேர முடியாமல் போனதற்குக் கல்லூரி விதி காரணமல்ல. அங்கே கொண்டுபோய் விடும் மேல்நிலைப் பள்ளிகள் அவர்களுக்கு இல்லை.

ஐன்ஸ்டீனின் வகுப்பில் 1900-இல் இறுதித் தேர்வு எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒரே பெண் மிலேவா மாரிச், செர்பியக் குடும்பத்தவர். ஐன்ஸ்டீனோடு சேர்ந்தே படித்தார், சேர்ந்தே தேர்வுக்குத் தயாரானார். ஐன்ஸ்டீனுக்கு 4.91, மாரிச்சுக்கு 4. சார்புக் கோட்பாடு என்ற கணிதப் பாடத்தில் அவர் பெற்றது 2.5 மட்டுமே. அவருக்குப் பட்டயம் வழங்கப்படவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினார். அப்போது கருவுற்றிருந்தார், திருமணம் ஆகியிருக்கவில்லை. மறுபடியும் தேறவில்லை. பின்னர் ஐன்ஸ்டீனை மணந்த அவர், ஆசிரியர் தகுதியோ ஆய்வுப் பட்டமோ எப்போதும் பெறவில்லை.

கணக்கில் தோற்றவர் என்று சொல்லப்படும் கதைக்கு அந்த வகுப்பில் உரியவர் ஒருவர் இருந்தார் என்றால் அவர் மாரிச்தான். அவர் பிறந்த நாட்டில் ஆண்கள் பள்ளியின் இயற்பியல் வகுப்பில் உட்காரவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த அனுமதியோடு படித்து, மொழி வேறான நாட்டுக்கு வந்து, நுழைவையும் இடைநிலைத் தேர்வையும் தாண்டிக் கடைசிப் படியில் நின்றுபோனவரின் கதையை நாம் வகுப்பில் சொல்வதில்லை.

சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971-இல், ஸ்மெட்ஸ்காயா சேர்ந்து சரியாக நூறாண்டு கழித்து. இ.டி.எச்.-இல் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியராகக் கட்டடக் கலைஞர் ஃபுளோரா ருஷா-ரொன்காட்டி பொறுப்பேற்றது 1985-இல். இன்று அங்குள்ள மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இயந்திரப் பொறியியலில் அந்தப் பங்கு இன்னும் குறைவு.